மூன்றாவது கழுத்துதான் நின்றது

போன ஞாயிறு, 2024 பிப்ரவரி 25, மதியம் இரண்டே கால் மணி. துருக்கியில், டெனிஸ்லிக்கு வெளியே ஒரு திராட்சைத் தோட்டத்து வீட்டின் முற்றத்தில், டவல் துணியால் செய்த இரண்டு ஒட்டகங்கள் கழுத்தோடு கழுத்து பின்னி ஏறக்குறைய மூன்று நிமிடம் தள்ளிக்கொண்டன. கழுத்து உடையவில்லை. ஐந்து வாரமாக நான் பார்க்க ஆசைப்பட்டது அந்த மூன்று நிமிடத்தைத்தான். கை இன்னும் பசையும் பூண்டு வாடையுமாக இருக்கும்போதே எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

நான் கரூர்க்காரன். நாலு வருடமாக டெனிஸ்லியில் ஒரு டவல் ஆலையில் தரம் பார்க்கும் வேலை. துருக்கியின் டவல் ஊர் இது. கரூரிலிருந்து வருபவனுக்குத் தறிச் சத்தமும் சாய வாடையும் புதிதில்லை. இங்குள்ளவர்கள் கல்யாணம், காதுகுத்து மாதிரி எது வந்தாலும் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்துச் சோறு போட்டிருக்கிறார்கள். பதிலுக்கு நான் ஒரு டீகூட வாங்கிக்கொடுத்ததில்லை, கொடுக்க விடமாட்டார்கள். இந்த வருடம் ரமலான் மார்ச் 11-ல் தொடங்குகிறது. அதற்குள் ஒரு விருந்து வைத்துவிடுவது என்று முடிவு. முதல் திட்டம் பிரியாணி. ஜனவரியில் செல்ச்சுக் போய் வந்த பிறகு பிரியாணி காணாமல் போனது.

செல்ச்சுக்கில் ஜனவரி மூன்றாவது ஞாயிறு ஒட்டக மல்யுத்தம். எங்கள் தறிப் பிரிவு உஸ்தா என்னை இழுத்துக்கொண்டு போனார். (உஸ்தா என்றால் தொழில் தெரிந்த மேஸ்திரி, ஆலையில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை.) டெனிஸ்லியிலிருந்து இஸ்மிர் போகும் ரயில் செல்ச்சுக்கில் நிற்கும். ஐதின் பக்கத்து அத்திப்பழத்தை இஸ்மிர் துறைமுகம் வரை சுமந்த ஒட்டகங்களின் பிழைப்பில் மண் விழுந்ததே இந்தப் பாதை 1866-ல் ஐதினைத் தொட்ட பிறகுதான் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். சுமை போனது, ஒட்டகம் மட்டும் சண்டைக்கு நின்றுவிட்டது என்பது அவர் கணக்கு.

மைதானம் ஊருக்கு வெளியே பமுஜாக் கடற்கரைப் பக்கம். மோதுபவை துலு என்ற கலப்பினம்: இரட்டைத் திமில் ஆணுக்கும் ஒற்றைத் திமில் பெண்ணுக்கும் பிறந்த ஆண் ஒட்டகங்கள். குளிர்காலம் அவற்றுக்கு இணை தேடும் பருவம் என்பதால் வாயில் சோப்பு நுரை மாதிரி தள்ளிக்கொண்டு வந்தன. கடிக்காமலிருக்க வாயைக் கட்டிவிடுகிறார்கள். மார்பால் தள்ளும், கழுத்தை எதிரியின் கழுத்துக்கு மேல் போட்டு அழுத்தும், முன்னங்காலைக் கொக்கி போட்டு வாரும். ஒரு ஆட்டம் பத்து நிமிடம். எதிரி ஓடினால் வெற்றி, அலறினால் வெற்றி, விழுந்தால் வெற்றி. தன் ஒட்டகத்துக்கு அடிபடும் என்று பயந்தால் உடைமைக்காரர் கயிற்றை மைதானத்துக்குள் வீசித் தோல்வியை ஒப்புக்கொள்ளலாம். அந்தக் கயிறு வீசும் வழக்கம் எனக்குப் பிடித்திருந்தது. பக்கத்தில் ஒரு கயிற்றுக் கோஷ்டி எப்போதும் தயாராக நிற்கிறது, இரண்டையும் இழுத்துப் பிரிக்க. ஜஸ்கர் என்ற அறிவிப்பாளர் ஒவ்வொரு ஒட்டகத்தின் பெருமையையும் எதுகையோடு பாடுகிறார். நம்மூர் வாடிவாசல் மைக்காரரை அங்கே கொண்டுபோய் விட்டால் ஒரு மணி நேரத்தில் வேலை பழகிவிடுவார். நம்மூரில் அண்டாவும் கட்டிலும் கொடுப்பார்கள், அங்கே பரிசு கம்பளம்.

ஆனால் நாள் முழுக்க ஒட்டகத்தைப் பார்த்தேன் என்று சொன்னால் பொய். முக்கால்வாசி நேரம் காத்திருப்புதான். கூட்டம் அதற்குத் தயாராகவே வருகிறது: மடக்கு மேசை, கரி அடுப்பு, சுஜுக் (மசாலா போட்ட கைமாவைக் குடலில் அடைத்துக் காயவைத்தது), ரொட்டி, ராக்கி என்ற சோம்பு வாடைச் சாராயம். மேட்டில் நின்று பார்த்தால் மைதானத்தைவிடப் புகைதான் அதிகம். ஒட்டக இறைச்சி சேர்த்த சுஜுக்கை வாசலிலேயே மாலை மாதிரி தொங்கவிட்டு விற்கிறார்கள். கிலோ 600 லிரா, இரண்டு கிலோ வாங்கினேன். சண்டை போடும் மிருகத்தைப் பார்த்துக்கொண்டே அதன் பங்காளியைத் தின்பது எனக்குக் கொஞ்சம் உறுத்தியது. உஸ்தாவுக்கு உறுத்தவில்லை.

மிருகங்களை மோதவிடுவதற்கு இங்கேயும் எதிர்ப்பு உண்டு. 2004-ல் வந்த 5199-ஆம் எண் விலங்குப் பாதுகாப்புச் சட்டம் விலங்குச் சண்டையைத் தடுக்கிறது. வன்முறை இல்லாத நாட்டுப்புறக் காட்சி என்றால் அனுமதி வாங்கி நடத்தலாம் என்று ஒரு வாசலையும் திறந்து வைத்திருக்கிறது. 2017-ல் நம் சட்டமன்றமும் ஜல்லிக்கட்டுக்காகத் திருத்தம் போட்டுத் திறந்த வாசல்தானே. இரு பக்க வாதமும் எனக்கு மனப்பாடம் என்பதால் ரயிலில் உஸ்தாவோடு வாயைக் கொடுக்கவில்லை. என் விருந்தில் ஒட்டகம் வேண்டும், உயிருள்ளது வேண்டாம் என்பது மட்டும் திரும்பும்போதே முடிவாகிவிட்டது. அப்போதுதான் உஸ்தா சொன்னார், அனடோலியக் கிராமங்களில் ஒட்டக ஆட்டம் என்று ஒன்று உண்டு, இரண்டு பேர் கம்பளத்துக்குள் புகுந்து மரத்தலையின் வாயைக் கடகடவென்று அடித்துக்கொண்டு வீடு வீடாகப் போவார்கள் என்று. எனக்குப் பொய்க்கால் குதிரை ஞாபகம் வந்தது. சரி, செய்துவிடலாம்.

முதலில் சுஜுக், ஏனென்றால் அது காய நாள் வேண்டும். வாங்கிய இரண்டு கிலோ 26 பேருக்குப் போதாது. கடைச் சுஜுக் வாங்கியிருக்கலாம்தான், வாங்கியிருந்தால் எழுத ஒன்றும் இருந்திருக்காது.

ஒத்திகைக்கு ஒரு கிலோ மாட்டுக் கைமா எடுத்தேன். பூண்டு, சீரகம், மிளகு, மிளகாய்த் தூள், உப்பு. கை சும்மா இருக்காமல் ஊரிலிருந்து வந்த மல்லித் தூளையும் இரண்டு ஸ்பூன் போட்டேன். குடலில் அடைத்து, சீக்கிரம் காயட்டும் என்று வெப்ப ரேடியேட்டருக்கு மேலே தொங்கவிட்டேன். இரண்டே நாளில் தொட்டால் கல் மாதிரி. ஆஹா, முடிந்தது என்று வெட்டினால் வெளியே அரை சென்டிமீட்டர் தோல், உள்ளே பச்சைக் கைமா, புளித்த வாடை. வெளிப்பக்கம் வேகமாகக் காய்ந்து இறுகினால் உள் ஈரம் வெளியே வர வழியில்லை. சாயம் போட்ட டவலை அதிகச் சூட்டில் காயவைத்தாலும் இதே கதைதான்: மேலே மொறுமொறு, மடிப்புக்குள் ஈரம். பத்து வருடம் டவல் பார்த்தவனுக்கு இது உறைக்க ஒரு கிலோ இறைச்சி செலவானது. அப்படியே குப்பைக்கு. பொரித்துப் பார்க்கலாமா என்றுகூட யோசிக்கவில்லை. புளித்த இறைச்சியில் வீரம் காட்டக் கூடாது. குப்பைக்குப் போகும் முன் முகர்ந்து பார்த்த உஸ்தா, இது சுஜுக் இல்லை, உன் ஊர்ச் சாமான் என்றார். மல்லியைச் சொல்கிறார்.

இரண்டாம் முறை கசாப்புக் கடைக்காரரிடம் உட்கார்ந்து கேட்டுச் செய்தேன். நாலு கிலோ மாட்டு நெஞ்சுக்கறி, ஒரு கிலோ கொழுப்பு. இரண்டையும் உறையும் அளவுக்குக் குளிர வைத்து அரைக்கச் சொன்னார். சூடானால் கொழுப்பு குழைந்து மாவாகிவிடும், வெட்டினால் புள்ளி புள்ளியாகத் தெரியாது. கிலோவுக்கு 20 கிராம் உப்பு, 25 கிராம் பூண்டு, 20 கிராம் சீரகம், 30 கிராம் காரமில்லாத சிவப்பு மிளகாய்த் தூள், 10 கிராம் காரமான மிளகாய்ச் செதில், 10 கிராம் மிளகு, 5 கிராம் சர்வசுகந்தி. மல்லி இல்லை. நாள்கணக்கில் தொங்கும் இறைச்சி என்பதால் நைட்ரைட் கலந்த உப்பும் வேண்டும். அதைப் பொட்டலத்தில் போட்டிருந்த அளவுக்கு, 0.1 கிராம் காட்டும் நகைத் தராசில் நிறுத்து, அந்த 20 கிராம் கணக்குக்குள்ளேயே சேர்த்தேன். இதில் மட்டும் கண் அளவு, கை அளவு கிடையாது. கூடினாலும் ஆபத்து, குறைந்தாலும் ஆபத்து.

பிசைந்ததை ஒரு இரவு குளிர்ப்பெட்டியில் வைத்துவிட்டு மறுநாள் அடைத்தேன். உப்பில் போட்டு விற்கும் மாட்டுக் குடலை மூன்று தண்ணீரில் அலசி, வெதுவெதுப்பான நீரில் அரை மணி நேரம் ஊறவைத்தால் பட்டு மாதிரி வழுக்கும். கைமா இயந்திரத்தின் வாயில் புனல் மாட்டி அடைத்து, காற்று நின்ற இடங்களில் எல்லாம் ஊசியால் குத்தினேன். இரண்டு முனையையும் சேர்த்துக் கட்டினால் குதிரை லாடம் வடிவம். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 450 கிராம், மொத்தம் பதினொன்று. ஒவ்வொன்றிலும் எடை எழுதிய சீட்டு கட்டினேன். இந்தச் சீட்டுதான் இரண்டாம் முறையைக் காப்பாற்றியது.

தொங்கவிட்டது கண்ணாடி அடைத்த பால்கனியில். ரேடியேட்டர் கிடையாது, சன்னல் இரண்டு விரல் திறப்பு. பத்திலிருந்து பதினாலு டிகிரி காட்டியது. வடகிழக்கிலிருந்து வரும் வறண்ட காற்றை இங்கே பொய்ராஸ் என்பார்கள், தென்மேற்கிலிருந்து வரும் ஈரமான வெப்பக் காற்று லோதோஸ். லோதோஸ் அடித்த இரண்டு நாளும் சன்னலைச் சாத்திவிடச் சொன்னார் கீழ்வீட்டு தெய்ஸே. (பெரியம்மா, சின்னம்மா மாதிரி வயதில் பெரிய பெண்களைக் கூப்பிடும் சொல் தெய்ஸே. அவர் கட்டளையை மீறும் தைரியம் இந்தக் கட்டடத்தில் யாருக்கும் இல்லை.) நாலாம் நாள் லேசாக வெள்ளைப் பூஞ்சை தெரிந்தது, வினிகர் நனைத்த துணியால் துடைத்தேன். எட்டாம் நாள் 450 கிராம் 330 ஆனது, அதாவது 27 சதவீதம் குறைவு. வெட்டினேன். உள்ளும் புறமும் ஒரே இறுக்கம், சிவப்பில் வெள்ளைப் புள்ளி. கசாப்புக் கடைக்காரரிடம் ஒரு துண்டு கொண்டுபோனேன். மென்று முடிக்கும் வரை ஒன்றும் சொல்லாமல், பூண்டு இன்னும் கொஞ்சம் என்றார். அவ்வளவுதான். அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினேன்.

இனி ஒட்டகம். டவல் துணி எடுக்க யோசிக்கவே இல்லை. துலு என்றாலே உரோமம் அடர்ந்தது. நீண்ட இழை விட்டு நெய்யும் கம்பளத்துக்கும் இங்கே துலு என்றே பெயர். எங்கள் கிடங்கில் நிறம் மாறிப்போன பழுப்பு டவல் துணி, 500 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 500 கிராம்), செகண்ட்ஸ் கணக்கில், அதாவது தரத்தில் தேறாத சரக்காகக் கிடந்தது. கிலோ 60 லிராவுக்குப் பதினாலு கிலோ வாங்கினேன். இரண்டு ஒட்டகத்துக்கும் சேர்த்து எட்டு கிலோதான் செலவானது. ஓவர்லாக் அடிக்கும் அக்கா மதிய இடைவேளையில் இரண்டு போர்வையையும் தைத்துக் கொடுத்துவிட்டார்: மூன்று மீட்டர் நீளம், இரண்டே கால் மீட்டர் அகலம், அடியில் நாலு கால்சட்டைக் கால்.

இதில் ஒரு முழு மாலை வீணானது திமிலால். சோபா நுரையைச் செதுக்கி, ஒட்டி, தைத்து, அழகாக ஒரு திமில் செய்து முடித்தேன். உஸ்தா வந்து பார்த்துவிட்டு, ஹவுத் எங்கே உட்காரும் என்று கேட்டார். ஹவுத் என்பது மரச்சட்டமும் நாணல் திணித்த மெத்தையுமான சேணம், திமிலையே மூடிவிடும். மைதானத்தில் நானே பார்த்திருக்கிறேன், கழுத்து மணியையும் ஜரிகையையும் பார்த்த கண்ணுக்கு இது படவில்லை. திமிலை எடுத்துவிட்டு, அதே நுரையை இரண்டாக வெட்டி ஹவுத் ஆக்கினேன். மேலே தெய்ஸேயின் பழைய கிலிம் விரிப்பு. பின்பக்கம் தொங்கும் துணிக்குப் பெஷ் என்று பெயர். ஒட்டகத்தின் பெயரும் மாஷல்லாவும் அதில்தான் இருக்கும். மாதிரி அறையின் எம்ப்ராய்டரி இயந்திரத்தில் ஒன்றுக்கு ‘எஃபே’ என்றும், இன்னொன்றுக்குத் தமிழ் எழுத்திலேயே ‘கரூர்க் கருப்பன்’ என்றும் அடித்தேன். எஃபே என்றால் இந்த ஏஜியன் கடல் பக்கத்துச் சண்டியர். கருப்பனும் அதே ரகம்தான் என்று விளக்கம் சொன்னேன்.

கழுத்துக்கு வருவோம். முன்னால் நிற்பவர் முதுகில் சட்டம் உள்ள மலையேற்றப் பை, பழைய சாமான் சந்தையில் ஒன்று 150 லிரா. பையைத் துணியாகக் கிழித்தெறிந்துவிட்டு அலுமினியச் சட்டத்தையும் தோள்பட்டைகளையும் மட்டும் வைத்துக்கொண்டேன். அந்தச் சட்டத்திலிருந்து கழுத்து முன்னால் தோளுக்கு மேல் வர வேண்டும்.

முதல் கழுத்து 50 மில்லிமீட்டர் சாக்கடைப் பைப், 45 டிகிரி முழங்கை ஒன்று. கட்டடத்துக் கீழ்த்தளத்தில் ஒத்திகை. இரண்டு கழுத்தும் பின்னி லேசாக முறுக்கியதுமே முழங்கை பொளக்கென்று கழன்று தலை உருண்டது. ரப்பர் வளையம் போட்டுச் செருகும் பைப் அது. தண்ணீர் ஒழுகாமல் காக்கும், முறுக்கைத் தாங்காது. பசை போட்டேன். அடுத்த முறை பசை பிடித்தது, பைப் பிளந்தது.

இரண்டாவது கழுத்து மரம். மூன்றுக்கு ஐந்து சென்டிமீட்டர் பைன் சட்டம், கோணத்தகடு போட்டுத் திருகியது. உடையவே இல்லை. அதுதான் கோளாறு. பேக்கிங் பிரிவுப் பையன் தள்ளியதும் அந்த வேகம் முழுக்க எதிரே நின்றவர் தாடையில் இறங்கியது. நல்லவேளை உதடு வீங்கியதோடு போயிற்று. அந்தச் சட்டத்தை அன்றே கழற்றினேன்.

மூன்றாவது கழுத்தை விவசாயச் சாமான் கடையில் கண்டுபிடித்தேன், வேறு எதற்கோ போன இடத்தில். தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சும் கறுப்பு பாலிஎத்திலீன் குழாய், 32 மில்லிமீட்டர், மீட்டர் 28 லிரா. சுருளிலேயே கிடந்து கிடந்து அதற்கு ஒரு வளைவு நிரந்தரமாகிவிட்டது. எல்லாரும் திட்டும் அந்த வளைவுதான் எனக்கு ஒட்டகக் கழுத்து. கூடக் குறைய வெட்டிப் பார்த்து, கடைசியில் 1.6 மீட்டரில் நின்றேன். மூன்று துண்டை முக்கோணமாகச் சேர்த்து 15 சென்டிமீட்டருக்கு ஒரு கட்டு. ஒற்றைக் குழாய் தொளதொளக்கும், மூன்று சேர்ந்தால் வளைந்து வளைந்து திரும்பும். மேலே வெந்நீர்க் குழாய்க்குப் போடும் நுரை உறை, அதன்மேல் டவல். ஒரு கழுத்துக்கு 4.8 மீட்டர், இரண்டுக்கும் உடம்பு வளையங்களுக்கும் சேர்த்துப் பதினாறு மீட்டர். தலை தெர்மோகோல் கட்டியைக் காய் நறுக்கும் கத்தியால் செதுக்கியது, 700 கிராம். கீழ்த்தாடைக்கு ஒரு சிறிய கதவுக் கீல், ஒரு கயிறு, உள்ளே இரண்டு மரத்துண்டு. இழுத்தால் கடகட. தலையும் கழுத்தும் சேர்ந்து இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் மேல். ஆனாலும் பை முன்னால் சாய்ந்தது. சட்டத்தின் அடியில் ஒன்றரை லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் கட்டியதும் நேராக நின்றது.

பின்னால் குனிந்து நிற்பவருக்கு ஒன்றும் தெரியாது. பக்கவாட்டில் எட்டு சென்டிமீட்டர் உயரத்துக்குக் கொசுவலைச் சன்னல் வைத்தேன். அது போதவில்லை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

விருந்து நாளுக்கு வெள்ளைத்தாளில் நிகழ்ச்சி நிரல் எழுதியிருந்தேன்: பதினொரு மணி வரவேற்பு, பதினொன்றரை முதல் ஆட்டம், ஒரு மணிக்குச் சாப்பாடு. நடந்தது வேறு. ராத்திரி பெய்த மழையில் முற்றம் சொதசொத. வந்தவர்கள் வட்டத்தை எட்டிக்கூடப் பார்க்காமல் நேரே கரி அடுப்பைச் சுற்றி நின்றார்கள். முதலில் எனக்கு எரிச்சல். பிறகு பமுஜாக் மேடு ஞாபகம் வந்தது. அங்கேயும் இதுதானே நடந்தது? தாளை மடித்துப் பாக்கெட்டில் வைத்துவிட்டு நானும் அடுப்புப் பக்கம் போனேன். அன்றைக்கு நான் செய்த ஒரே புத்திசாலித்தனம் அதுதான்.

அடுப்பில் ஒரு தப்பு செய்தேன். தீ நாக்கு அடங்கும் முன்பே சுஜுக்கை வைத்தேன். கொழுப்பு ஒழுகி, தீ பற்றி, முதல் எட்டு துண்டு கரி. ஓக் மரக் கரி மேலே சாம்பல் பூத்து வெளுக்க நாற்பது நிமிடம் ஆகிறது; அதற்குப் பிறகு நீளவாக்கில் பிளந்து, வெட்டுப் பக்கம் முதலில் கீழே. உள்ளே முழுக்க வெந்ததா என்று முதல் துண்டை எப்போதும் நானே வெட்டிப் பார்த்தேன். அரை சொமுன் ரொட்டி, உள்ளே சுஜுக், ஒரு தக்காளி, வாட்டிய பச்சை மிளகாய். ஒட்டகச் சுஜுக் கொஞ்சம் கனமான ருசி, இழை தெரிகிறது. என்னுடையதும் அதுவும் ஒரே தட்டில் கலந்து வைத்தபோது கண்டுபிடித்துச் சொன்னவர்கள் மூன்றே பேர்.

கெஷ்கெக் தெய்ஸேயின் பொறுப்பு. இரண்டு கிலோ குத்திய கோதுமையை முந்தைய இரவே ஊறவைத்து, இரண்டரைக் கிலோ ஆட்டுக் கழுத்துக்கறியோடு ஐந்து மணி நேரம் விறகில் வேகவிட்டு, மரக்கட்டையால் மசிய அடிக்க வேண்டும். ஹலீம் தின்றவர்களுக்கு ருசி பிடிபடும். 2011-ல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய விருந்துச் சமையல். பட்டியல் தெய்ஸேக்குத் தெரியாது, என் கட்டைப் பிடிதான் சரியில்லை என்று தெரிந்தது. அப்புறம் பத்து கிலோ தயிரில் அய்ரான் என்ற மோர், செரின்ஹிசார் வறுகடலை, ஐதின் அத்திப்பழம். ராக்கியை வந்தவர்களே கொண்டுவந்தார்கள்.

தவுல், சுர்னா வாசிக்க இரண்டு பேர், இரண்டு மணி நேரத்துக்கு 4,000 லிரா. இதை மிச்சம் பிடித்து ஸ்பீக்கரில் போட்டுவிடலாமா என்று நினைத்தது எவ்வளவு பெரிய முட்டாள்தனம்! சுர்னா எழுந்த முதல் மூச்சில் எனக்கு நாதஸ்வரமும் ஊர்த் திருவிழாவும் ஒன்றாக வந்து தொண்டையை அடைத்தன. அவர்கள் வாசித்தபடி வட்டத்தைச் சுற்றியதும் கூட்டம் தட்டும் கையுமாகத் தானாகவே அடுப்பிலிருந்து நகர்ந்து வந்தது. நிரல் எழுதி ஆகாத வேலை.

வட்டம் ஆறு மீட்டர், மாவால் போட்டது. ஆட்டம் பத்துக்குப் பதில் மூன்று நிமிடம். கால் வாருவது கூடாது. வட்டத்துக்கு வெளியே தள்ளினால் வெற்றி, உள்ளே இருப்பவர் சத்தம் போட்டால் தோல்வி, உடைமைக்காரர் கொடிக்கயிற்றை வீசினால் நிறுத்தம். ஜஸ்கர் வேலையை உஸ்தா எடுத்துக்கொண்டார். எஃபேயைப் பற்றி நாலு வரி எதுகையோடு பாடிவிட்டு, கருப்பனுக்கு நீ பாடு என்று மைக்கை என்னிடம் தள்ளிவிட்டார். ஒன்றும் தோன்றாமல், மாட்டை அவிழ்த்துவிடும் மைக்காரர் குரலில், "கரூர்க் கருப்பன் வர்றான், வழிவிடு! தொட்டுப் பாரு, முடிஞ்சா தொட்டுப் பாரு!" என்று கத்தினேன். ஒருவருக்கும் புரியவில்லை. கைதட்டல் மட்டும் பலமாக வந்தது.

குழந்தைகள் கேட்டார்கள் என்று இரண்டு ஒட்டகத்தின் வாயிலும் சவரநுரை பீய்ச்சியிருந்தேன். கழுத்து இரண்டும் பின்னி, வளைந்து, திரும்பி நிமிர்ந்தன. நுரை பறந்து ஜஸ்கர் மீசையில் ஒட்டியது. இரண்டு நிமிடம் நாற்பது வினாடியில் கருப்பனின் பின்கால்காரர் ஈரப்புல்லில் வழுக்கி உட்கார்ந்தார். முன்னவர் அது தெரியாமல் இழுக்க, கருப்பன் ஒன்றரை ஒட்டக நீளத்துக்கு நீண்டான். நான் கயிற்றை வீசினேன். நிஜமாகவே பயந்துதான் வீசினேன். பின்கால்காரருக்கு ஏற்கெனவே முழங்கால் வலி உண்டு. ஒன்றுமில்லை, சிரித்துக்கொண்டே எழுந்தார். எஃபேவுக்குப் பரிசு கம்பளம், அதாவது எங்கள் ஆலையின் செகண்ட்ஸ் பாத்மேட், ஓரத்தில் ஒரு தையல் விட்டது. மாலைக்குள் மொத்தம் ஏழு ஆட்டம். மூன்றாவது கழுத்து ஏழையும் தாங்கியது. கடைசியில் கட்டுகள் இரண்டு மட்டும் தளர்ந்திருந்தன.

கணக்கு: சுஜுக் சாமான் 2,140 லிரா. ஒட்டகங்கள் 2,238. இசை 4,000. கெஷ்கெக்கும் மற்ற சமையலும் 1,900. நாற்பது ரொட்டி 320, கரி 300, தயிர் 450. குப்பைக்குப் போன கைமா, பைப், மரம் எல்லாம் 900. மொத்தம் 12,248. அன்றைய மதிப்பில் ரூபாயில் ஏறக்குறைய 33,000. ஒட்டகச் சுஜுக்குக்குக் கொடுத்த 1,200-ஐ ஜனவரிக் கணக்கில் தள்ளிவிட்டேன், வீட்டில் இப்படித்தான் சொல்லியிருக்கிறேன். 2024-ல் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 17,002 லிராவாக இருந்தது. அதில் முக்கால் பங்கை ஒரு ஞாயிற்றுக்கிழமை தின்றுவிட்டது என்று பேக்கிங் பையன்களிடம் சொல்ல வாய் வரவில்லை.

அடுத்த முறை மாற்ற வேண்டியவை சில உண்டு. பின்கால்காரருக்கு வலைச் சன்னல் பக்கவாட்டில் மட்டுமில்லாமல் தரையைப் பார்த்தும் வேண்டும், காலில் ரப்பர் அடி உள்ள காலணி கட்டாயம். பிளாஸ்டிக் கட்டுக்குப் பதில் குழாய்க் கவ்வி. பூண்டு கிலோவுக்கு 30 கிராம். சவரநுரை டவல் இழைக்குள் இறங்கிவிட்டது. இரண்டு முறை துவைத்தும் கருப்பன் வாயோரம் வெளுத்தே இருக்கிறது. தயிரைக் கடைந்து பூசினால் துவைப்பது சுலபமாக இருக்குமோ என்னவோ, நாற்றத்துக்கு தெய்ஸேயிடம் பதில் சொல்ல வேண்டும்.

இப்போது இரண்டு தலையும் சுஜுக் தொங்கிய அதே பால்கனிக் கம்பியில் காய்கின்றன. நேற்று உஸ்தா போன் செய்தார். மே மாதம் அவர் தங்கை மகன் கல்யாணமாம். கடைப்பக்கம்தான் நிற்கிறேன், கறுப்புக் குழாய் இன்னும் பதினாறு மீட்டர் வாங்கிவிடவா என்று கேட்டார். சுருளின் உள்பக்கத்திலிருந்து வெட்டித் தரச் சொல்லுங்கள், வளைவு அங்கேதான் நன்றாக இருக்கும் என்றேன்.